மின்வெட்டும் மீன்தொட்டியும்

வீட்டிலே வளர்க்கப்படும் உயிர்களுள் மீனைப்போல மனிதனை முற்றாக நம்பியிருப்பது பிறிதொன்றில்லை. நாய்க்கு ஒருவேளை சோறிடாவிட்டால் அது அயல்வீட்டுப் படலையிலே போய் நிற்கும். பூனை தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டாவது வேலியோரத்துக் குழையைக் கடிக்கும். மீனோ நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள்ளே, நாம் விட்ட நீரிலே, நாம் ஊட்டும் காற்றைச் சுவாசித்து வாழ்கின்றது. அந்தக் காற்றும் சுவரிலுள்ள ஒரு மின்துளையிலிருந்தே வருகின்றது. அத்துளையிலே மின்சாரம் நின்றுபோனால் என்ன செய்வது என்பதை மீன் யோசிக்க முடியாது. வளர்ப்பவர்தான் யோசிக்கவேண்டும், அதுவும் மின்சாரம் இருக்கும்போதே யோசிக்கவேண்டும்.

நம் நாட்டிலே இது வீண் கவலையன்று. 2016 மார்ச் 13, 2020 ஓகஸ்ட் 17, 2021 டிசெம்பர் 3, 2025 பெப்ரவரி 9 ஆகிய நாட்களிலே தீவு முழுவதும் இருளில் மூழ்கியது. இவற்றுள் இறுதியானதற்குப் பாணந்துறை உபமின்நிலையத்திலே புகுந்த ஒரு குரங்கே காரணமென அமைச்சரே கூறக் கேட்டோம். 2022 இலோ நிலைமை வேறு. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமற்போய், மார்ச் மாதத்தின் இறுதி நாளிலே மின்வெட்டு 13 மணித்தியாலமாக நீண்டது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி கொண்டுவந்த வெள்ளமும் மண்சரிவும் பல மாவட்டங்களிலே மின்கம்பிகளை வீழ்த்தின. எனவே மீன்தொட்டி வைத்திருப்பவர், மின்சாரம் போகுமோ என்று கேட்பதில் பயனில்லை. எத்தனை மணித்தியாலம் போகும் என்பதே கேள்வி.

மாற்று மின்சாரத்தைத் தேடிக் கடைக்குப் போகுமுன், மின்சாரம் நின்றபின் தொட்டிக்குள் என்ன நடக்கின்றது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். நோயை அறியாமல் மருந்து வாங்குபவர் பெரும்பாலும் விலையுயர்ந்த மருந்தையே வாங்குவார்.

முதலிற் குறைவது ஒட்சிசன். நீர் சூடாக இருக்க இருக்க, அதிற் கரைந்து நிற்கக்கூடிய ஒட்சிசனின் அளவு குறையும். 20 பாகை செல்சியசிலே ஒரு லீற்றர் நன்னீரில் ஏறக்குறைய 9.1 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 25 பாகையில் 8.3, 30 பாகையில் 7.6 மாத்திரமே. இது நீர் முற்றாக நிரம்பிய நிலைக்கு உரிய கணக்கு. வளர்ப்பு மீன்களுட் பெரும்பாலானவற்றுக்கு லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் நன்று. 2 இற்குக் கீழே இறங்கினால் உயிருக்கு ஆபத்து. ஆகவே யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ சித்திரை வெயிலிலே தொட்டி வைத்திருப்பவருக்கு, குளிர்நாட்டு நூல்களிலே சொல்லப்படும் கால அவகாசம் கிடைக்கமாட்டாது. வெப்பம் ஒருபுறம் ஒட்சிசனைக் குறைக்கின்றது. மறுபுறம் மீனின் உடலை விரைவாக இயங்கச் செய்து அதன் தேவையை ஏற்றுகின்றது.

இரவிலே இன்னொரு பங்காளியும் சேர்ந்துகொள்கின்றது. பகலில் ஒட்சிசனைக் கொடுக்கும் நீர்ச்செடிகள் இரவிலே தாமும் அதை எடுத்துச் சுவாசிக்கின்றன. செடி நிறைந்த அழகிய தொட்டிக்கு விடியற்காலத்து மின்வெட்டே மிகக் கொடியது.

காற்றுக் கல்லிலிருந்து எழும் குமிழிகளே நீரில் ஒட்சிசனைக் கரைக்கின்றன என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையிலே குமிழி செய்யும் பெரும்பணி வேறு. அது அடிநீரை மேலே கொண்டுவந்து, நீரின் மேற்பரப்பைக் கலக்கிவிடுகின்றது. அந்தக் கலங்கிய பரப்பிலேதான் ஒட்சிசன் உள்ளே செல்கின்றது, காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. இதை அறிந்தவருக்குத் தெரிவு எளிதாகும். நமக்கு வேண்டியது பெரிய மின்சாரமன்று. மேற்பரப்பை அசைக்கும் சிறு அசைவே.

எல்லா மீனும் ஒரேவிதமாகத் தவிப்பதில்லை. நம் குளத்து விராலும் பனையேறியும் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றையே உறிஞ்சவல்லவை. சண்டைமீனும் குறாமியும் அத்தகையனவே. செவுளோடு இன்னொரு சுவாச உறுப்பும் அவற்றுக்கு உண்டு. பொன்மீனுக்கு அந்த வசதியில்லை. அதன் உடலோ பெரிது, கழிவும் மிகுதி. ஆகவே ஒரே அளவான இரு தொட்டிகளுள் ஒன்றிலே இரு குறாமிகளும் மற்றதிலே எட்டுப் பொன்மீன்களும் இருந்தால், அவ்விரண்டுக்கும் ஒரே ஏற்பாட்டைச் சொல்பவர் மீனை அறியாதவர்.

இரண்டாவதாக இடருறுவது வடிகட்டி. அதன் பஞ்சிலும் கற்களிலும் குடியிருக்கும் பற்றீரியாக்கள், மீன் கழிக்கும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அவற்றுக்கும் ஒட்சிசன் வேண்டும். திறந்த பஞ்சு வடிகட்டி தொட்டி நீரிலேயே கிடப்பதால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். தொட்டிக்கு வெளியே மூடிய வாளிபோல நிற்கும் வடிகட்டியோ, நீரோட்டம் நின்று பல மணித்தியாலம் சென்றால் உள்ளேயே அழுகத் தொடங்கும். மின்சாரம் திரும்பியதும் அந்த நாற்றநீரைத் தொட்டிக்குள் விடாமல், முதலில் வெளியே கொட்டிவிட்டு இயக்கவேண்டும். மின்வெட்டைத் தாண்டிய மீன், மின்சாரம் வந்தபின் இறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது வெப்பம். நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் வெப்பநாட்டு மீன் வளர்ப்பவர் இதைக் கவனித்தே ஆகவேண்டும். நீர்ச் சூடாக்கி காற்றுப் பம்பியைவிடப் பன்மடங்கு மின்சாரம் உண்பது. அதைப் பற்றரியால் ஓட்ட முயல்வதைவிடத் தொட்டியைக் கம்பளியாற் சுற்றுவது மேல். தாழ்நிலத்தவர்க்கு இந்தக் கவலை இல்லை. விளக்கோ கடைசி, இரண்டு நாள் இருளால் எந்த மீனும் இறப்பதில்லை.

ஆக, காற்று முதலாவது, நீரோட்டம் இரண்டாவது, வெப்பம் மூன்றாவது, விளக்கு நான்காவது. இந்த வரிசையை மனத்திலிருத்திக்கொண்டு இனிக் கடைக்குப் போகலாம்.

கடையிலே முதலிற் காணப்படுவது உலர்மின்கலத்தால் ஓடும் சிறு காற்றுப் பம்பி. இரு பெரிய கலங்களை இட்டால் ஓர் இரவைக் கடத்தும். மின்சாரம் நின்றதும் தானே இயங்கத் தொடங்கும் வகையும் உண்டு. வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு அவ்வகையே ஏற்றது. ஏனெனில் மின்வெட்டு நம் வருகையைப் பார்த்து வருவதில்லை. இதன் குறை, கலங்களைத் திரும்பத் திரும்ப வாங்கவேண்டியிருப்பதே. எப்போதாவது வரும் தடைக்கு இது சாலச் சிறந்தது. நாள்தோறும் வரும் வெட்டுக்குச் செலவாளி.

இரண்டாவது, கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் பவர் பாங்கோடு இணைத்து ஓட்டும் யூ.எஸ்.பி. பம்பி. இது ஒன்று அல்லது ஒன்றரை உவாற்றே உண்ணும். 10,000 மில்லியம்பியர்-மணி என்று எழுதப்பட்ட பவர் பாங்கின் உள்ளே இருப்பது 3.7 உவோல்ற்றுக் கலம். ஆகவே அதன் கொள்ளளவு 37 உவாற்று-மணி. மாற்றத்திற் போகும் இழப்பை நீக்கி 30 என்று கொண்டால், ஒன்றரை உவாற்றுப் பம்பி 20 மணித்தியாலம் ஓடும். வீட்டிலே ஏற்கெனவே உள்ள பொருளைக்கொண்டு செய்யக்கூடிய ஏற்பாடு இது. ஒன்றைமட்டும் சோதித்து வாங்கவேண்டும்: சில பவர் பாங்குகள், இழுக்கப்படும் மின்னோட்டம் மிகச் சிறிதாயின், தொலைபேசி நிறைந்துவிட்டதென்று எண்ணித் தாமே நின்றுவிடும். பகலிலே ஒருநாள் இரண்டு மணித்தியாலம் ஓட்டிப் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

மூன்றாவது, கணினிக்கு வைக்கும் யூ.பி.எஸ். பலர் இதையே முதலில் நினைக்கின்றனர். இது கணினியை ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடங்கள் தருவதற்காகச் செய்யப்பட்டது. சிறியதொன்றினுள்ளே இருப்பது பெரும்பாலும் 12 உவோல்ற்று, 7 அம்பியர்-மணி பற்றரி. பெருக்கினால் 84 உவாற்று-மணி. நேர்மின்னை 230 உவோல்ற்று ஆடல்மின்னாக மாற்றுவதற்கு அப்பெட்டியே தனக்கென ஒரு பங்கை விடாமல் எடுத்துக்கொள்ளும். நாம் ஓட்டும் காற்றுப் பம்பிக்கு வேண்டியதோ ஐந்து உவாற்று. சுண்டைக்காய் காற் பணம், சுமைகூலி முக்காற் பணம் என்பது இதற்கே பொருந்தும். மேலும் மலிவான பெட்டிகள் தரும் மின்னலை சீரான வளைகோடாயிராது, படிக்கட்டுப் போலிருக்கும். அதிலே பம்பி இரைந்து சூடேறும். ஒரு மணித்தியாலத் தடைக்கு யூ.பி.எஸ். போதும், அதற்கு மேல் அதை நம்பலாகாது.

நான்காவது, இன்வேர்ட்டரும் பெரிய பற்றரியும். 12 உவோல்ற்று, 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியின் கணக்கு 1,200 உவாற்று-மணி. ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் விரைவிற் குறையும். ஆதலின் 600 என்றே கொள்க. மாற்றத்தின் இழப்பும் போக, 500 அளவே நம் கைக்கு வரும். வடிகட்டியும் பம்பியும் சேர்ந்து 25 உவாற்று, இன்வேர்ட்டர் தானே உண்பது 10 என்று வைத்தால், 14 மணித்தியாலம் வரை போகும். காரை முடுக்குதற்குச் செய்த பற்றரி இதற்கு ஏற்றதன்று. நெடுநேரம் சிறிது சிறிதாகக் கொடுக்கும் வகையையே கேட்டு வாங்கவேண்டும். ஈயப் பற்றரி மின்னேறும்போது ஐதரசன் வாயுவை வெளிவிடும். காற்றோட்டமுள்ள இடத்திலே வைக்கவேண்டும், தொட்டியின் கீழுள்ள அலுமாரியிலன்று. இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி விலை கூடியது. ஆயினும் ஐந்தில் நான்கு பங்கை அச்சமின்றி எடுக்கலாம், ஆண்டுகளும் அதிகம் உழைக்கும்.

ஐந்தாவது மின்பிறப்பாக்கி. வீடு முழுவதையும் ஓட்டும் பலம் அதற்குண்டு. ஒரு காற்றுப் பம்பிக்காக அதை இயக்குவது குருவிக்குப் பீரங்கி பிடிப்பதாகும். அதன் புகையிலே காபனோரொட்சைட்டு இருக்கின்றது. நிறமும் மணமுமற்ற அந்நஞ்சு, மூடிய வீட்டிலே மீனை அல்ல, மனிதரையே கொல்லும். திறந்த வெளியில், சன்னலுக்கு அப்பால் வைத்தே ஓட்டவேண்டும். வேறொரு குறையும் உண்டு; அதனை ஓர் உண்மைச் செய்தியால் விளக்குகின்றேன்.

எங்கள் ஒழுங்கையிலே ஒரு பெண்பிள்ளை இருக்கின்றாள்; முன்னொரு காலத்தில் என்னிடம் விஞ்ஞானம் படித்தவள். கணவனை இழந்தபின் வீட்டின் பின்தாழ்வாரத்திலே பதினெட்டுத் தொட்டிகள் வைத்துக் கப்பி மீன்களைப் பெருக்கி, கடைகளுக்குக் கொடுத்து இரு பிள்ளைகளைப் படிப்பித்து வந்தாள். 2022 மார்ச் மாதத்தில் வெட்டு நாளுக்குநாள் நீளத் தொடங்கியபோது என்னிடம் வந்து நின்றாள்.

"மாஸ்ரர், காப்பை அடைவு வைச்சு ஒரு ஜெனரேற்றர் எடுப்பமோ எண்டு பாக்கிறன். மீன் செத்தா எங்களுக்கு வேறை ஒண்டும் இல்லை."

"பொறு பிள்ளை, முதலிலை உன்ரை தொட்டியளைப் பாப்பம்" என்று சொல்லிப் போய்ப் பார்த்தேன். பதினெட்டுத் தொட்டியிலும் பஞ்சு வடிகட்டிகள். அவை யாவும் ஒரே குழாயில், ஒரே காற்றுப் பம்பியில் இணைக்கப்பட்டிருந்தன. அவளுக்கு வேண்டியது வீட்டுக்கு மின்சாரமன்று. அந்த ஒரு பம்பிக்கு மாத்திரமே. நேர்மின்னில் ஓடும் 12 உவோல்ற்றுப் பம்பியொன்று 20 உவாற்றே உண்ணும். 40 அம்பியர்-மணிப் பற்றரியின் பாதியை எடுத்தால் 240 உவாற்று-மணி. ஆகவே 12 மணித்தியாலம். இடையிலே இன்வேர்ட்டர் இல்லாததால் சுமைகூலியும் இல்லை. 5 அம்பியர் மின்னேற்றியைக்கொண்டு, மின்சாரம் இருக்கும் நேரத்தில் நாலைந்து மணித்தியாலத்தில் பற்றரியை நிரப்பிவிடலாம். கணக்கை ஒரு கொப்பித்தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதைத் தானும் ஒருமுறை பெருக்கிப் பார்த்துவிட்டே கொண்டுபோனாள்.

காப்பு அவள் கையிலேயே இருந்தது. 13 மணித்தியால வெட்டு வந்த நாளிலே இறுதி ஒரு மணித்தியாலமும் பம்பி நிற்கவில்லை. பற்றரி பாதியைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவே. அதே நாட்களிலே மின்பிறப்பாக்கி வைத்திருந்தோர் பெற்றோல் வரிசையிலே கலனோடு நின்றனர். மின்சாரம் எக்காரணத்தால் நின்றதோ அக்காரணத்தாலேயே எரிபொருளும் நின்றிருந்தது. மாற்றுவழி என்பது முதல்வழி அடைபடும்போது தானும் அடைபடாததாயிருத்தல் வேண்டும். நான் சொல்லவந்த குறை அதுவே.

ஆறாவது சூரிய ஒளி. கூரையிலே தகடு பதித்திருக்கிறோம், எங்களுக்கென்ன என்று சிலர் இருக்கின்றனர். நம் நாட்டுக் கூரைத் தகடுகளிற் பெரும்பாலானவை மின்வலையோடு இணைக்கப்பட்டவை. வலையில் மின்சாரம் நின்றதும் அவற்றின் இன்வேர்ட்டரும் தானாகவே நின்றுவிடும். கம்பியிலே ஏறித் திருத்துகின்ற தொழிலாளிமீது மின் பாய்ந்துவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. ஆகவே நண்பகல் வெயிலிலும் அவ்வீட்டில் இருளே. பற்றரியோடு தனித்து இயங்கும் ஏற்பாடு இருந்தாலன்றிக் கூரைத் தகடு மீனுக்கு உதவாது. ஆயின் 50 உவாற்றுத் தகடு ஒன்றையும் சிறு கட்டுப்படுத்தியையும் மேற்சொன்ன பற்றரியோடு இணைத்தால், நல்ல வெயில் நாளிலே 150 உவாற்று-மணியளவு சேரும். சூறாவளியின் பின் நாட்கணக்காக மின்சாரம் வராத ஊர்களுக்கு இதனிலும் உறுதியான துணை வேறில்லை.

எதை வாங்கினும் சில சிறு கவனங்கள் உண்டு. பம்பி நீர்மட்டத்திற்குக் கீழே இருக்குமாயின், அது நின்றவுடன் குழாய்வழி நீர் திரும்பி இறங்கித் தரையை நனைக்கும், பம்பியும் பழுதாகும். ஒருவழி வால்வு ஒன்று இட்டால் அது நேராது. மின்கம்பிகள் தொட்டியிலிருந்து நேரே மின்துளைக்குச் செல்லாமல் ஒருமுறை தாழ்ந்து பின் ஏறவேண்டும். வழிந்த நீர் அத்தாழ்விலே சொட்டிவிடும். மின்வெட்டிலே விசிறி நிற்க, நுளம்பு வரும். நுளம்புத் திரி கொளுத்துவோம். அந்தத் திரியிலுள்ள மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு. பம்பியோ அறையின் காற்றையே இழுத்து நீருக்குள் ஊதுவது. ஆகவே திரியும் பம்பியும் ஒரே அறையில் இருக்கலாகாது. மின்சாரம் இல்லாத வேளையில் உணவும் இடலாகாது. செரிப்பதற்கே மீனுக்கு மேலும் ஒட்சிசன் வேண்டும், மிஞ்சிய உணவு அழுகி நீரைக் கெடுக்கும். நலமான வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதால் ஒன்றும் ஆகிவிடாது.

ஒன்றுமே வாங்க இயலாதவர் என்ன செய்வர் என்றும் கேட்கவேண்டும். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் எங்கள் குடாநாடு ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றி இருந்தது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலே வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை நாங்கள். மின்சாரம் இல்லாதபோது கை இருக்கின்றது என்பதை அக்காலம் கற்பித்தது. தொட்டி நீரைச் சிரட்டையாலோ குவளையாலோ முகந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினால் மேற்பரப்பு கலங்கும். பத்து நிமிடம் ஊற்றி, சற்று ஓய்ந்து, மீண்டும் ஊற்றலாம். காற்றடைத்த சைக்கிள் ரியூப்பின் வாயிலே குழாயைப் பொருத்தி, சிறுகச் சிறுகக் காற்றைக் கசியவிடும் உபாயத்தைப் பழைய மீன் வளர்ப்போர் அறிவர். கிணற்று நீரை மாற்றுவதாயின் அதையும் உயர இருந்து ஊற்றவேண்டும். ஆழக் கிணற்று நீரிலே ஒட்சிசன் குறைவாயிருத்தல் கூடும்.

இவையெல்லாவற்றிலும் மலிவான காப்பு ஒன்றுண்டு. அதை எந்தக் கடையும் விற்பதில்லை. அது தொட்டியிலே மீனைக் குறைத்து வைத்தல். இடமும் நீரும் தாராளமாக உள்ள தொட்டியிலே நான்கு மீன்கள் மின்சாரமின்றியும் ஓர் இரவைக் கழித்துவிடும். அதே தொட்டியில் நாற்பது மீன்கள் இரண்டு மணித்தியாலத்திலே வாய் பிளந்து மேலே வந்து நிற்கும். மின்சாரத்தின் துணையால்மட்டும் உயிர்வாழும் கூட்டத்தை வளர்ப்பவர், ஒவ்வொரு மின்வெட்டிலும் அந்த உயிர்களைப் பணயம் வைக்கின்றார்.

ஆகையால் மாற்று மின்சாரம் தேடும் அன்பர்களுக்கு நான் சொல்வது இது. ஒன்றிரண்டு தொட்டி உடையவர் பவர் பாங்கும் சிறு பம்பியும் வைத்திருங்கள். பகலில் வீட்டில் ஆளில்லையெனில் தானியங்கிப் பம்பியை நாடுங்கள். பல தொட்டி உடையவர் நேர்மின் பம்பியும் பற்றரியும் வையுங்கள். இயன்றால் ஒரு சூரியத் தகட்டைச் சேருங்கள். பெரிய மூடிய வடிகட்டியையே நம்பியிருப்பவர்க்கு இன்வேர்ட்டர். எதுவாயினும் மாதத்துக்கு ஒருமுறை, மின்சாரம் உள்ள ஒரு நாளிலே, நீங்களே ஆளியை அணைத்து அது இயங்குகின்றதா என்று பாருங்கள். சோதித்துப் பாராத காப்பைக் காப்பென்று சொல்ல முடியாது.